கூடப்பிறந்தவர்களோடு ஒப்பிட்டால்

எங்கள் ஆய்வு அலுவலகத்தில் அவளுக்குக் கணக்கு அக்கா என்று பெயர். வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்பவர்களின் உடம்பு எப்படி இருக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. ஒரே தகவலை அவள் இரண்டு முறைகளில் போட்டுப் பார்த்தாள். ஊரில் உள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டபோது, பார்த்துக்கொள்பவர்களே பாதி நோயாளிகளாக இருந்தார்கள். அவரவர் கூடப்பிறந்தவர்களோடு ஒப்பிட்டபோது வித்தியாசமே காணோம். ஒரே ரத்தம், ஒரே வளர்ப்பு, ஆகவே இதுதான் நியாயமான முறை என்று அறிக்கை எழுதினாள். அது செய்தித்தாளிலும் வந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

அவள் வீட்டிலும் ஒரு கட்டில் இருந்தது. பக்கவாதத்தில் விழுந்த அம்மாவைத் தூக்கி, துடைத்து, பெட்பேன் வைத்து எடுத்துவிட்டுத்தான் வேலைக்கு வருவாள். கல்யாணம் ஆகாதவள்தானே என்று தம்பியும் தங்கையும் கைகழுவிவிட்டார்கள். அவளுக்கு முதுகில் டிஸ்க் நழுவியது. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், இனி கனம் தூக்கினால் கால் விளங்காமல் போய்விடும் என்றார் டாக்டர். அவள் இருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டாள். துணைக்கு என்னையும் இருக்கச் சொன்னாள்.

"ரெண்டு மாசம் மட்டும் அம்மாவ வச்சுக்கங்க."

தம்பி, படுபாவி, செய்தித்தாளை மடித்துக் கொண்டுவந்திருந்தான். "நீயேதான எழுதிருக்க, பாத்துக்கறதால உடம்புக்கு ஒண்ணும் ஆகாதுன்னு? எனக்கும் முதுகு வலிக்குதுக்கா. நம்ம குடும்ப முதுகே அப்படி."

"எனக்கும்தான்," என்றாள் தங்கை, சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்தபடி.

"அப்படி இல்லடா. பாத்துக்கிட்டே முடியாமப் படுத்துட்டவங்க யாரும் எங்க ஆய்வுக்குப் பதில் சொல்ல வரல. அவங்கள விட்டுட்டுப் போட்ட கணக்கு..."

"அத பேப்பர்ல போடலியே!"

இருவரும் சிரித்தார்கள்.

ஆபரேஷன் தள்ளிப்போனது. ஒருநாள் குளியலறையில் அம்மாவைத் தூக்கியவள் அப்படியே சரிந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று.

நான் பார்க்கப் போனபோது அம்மாவின் கட்டிலை அடுத்து இன்னொரு கட்டில். நடுவில் தங்கை, தலை கலைந்து, கையில் பெட்பேனோடு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். தம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான்.

"என்னால முடியலடா. முதுகு விட்டுப் போகுது. அம்மாவையாவது கூட்டிட்டுப் போ!"

"அக்கா எழுதினத நீயுந்தான படிச்ச?" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

தங்கை விக்கி விக்கி அழுதாள். கணக்கு அக்கா படுத்தபடியே அவளைப் பார்த்தாள். அந்த முகத்தில் துளி இரக்கம் இல்லை. எனக்கே பயமாக இருந்தது.

"அழாத. ரெண்டு வருஷம் போகட்டும். உன்னையும் என்னையும் ஒப்பிட்டா வித்தியாசமே இருக்காது," என்றாள். "இப்ப என்னத் திருப்பிப் போடு."