தட்டை டப்பா மெழுகு

என் அப்பா ஒரு மனிதரைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் வீட்டுப் பாத்திரத்தைப் பார்ப்பார். மலாக்காவில், காஜா பெராங் பக்கம் பால் ஊற்றிப் பிழைத்தவர் அவர். கம்பம் என்கிற குடியிருப்புக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை, சைக்கிளின் இரண்டு பக்கமும் பித்தளைக் குடம். அந்தக் குடங்களைப் புளியும் சாம்பலும் போட்டு அவரே தேய்ப்பார், அம்மாவைத் தொட விடமாட்டார். "பாலை எவன் பாக்குறான்? கொடத்தத்தான் பாக்குறான்" என்பார். மாடுகளும் அப்படித்தான். தினமும் குளிப்பாட்டி, வெள்ளிக்கிழமையானால் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவார். நானும் அந்த வீட்டில் ஒரு மாடு மாதிரி பேசாமல் வளர்ந்தவள்தான். தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரைக்கும் படித்தேன். வாத்தியார் என் பெயரைக் கூப்பிட்டாலே எழுந்து நின்று சிலேட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை துணிந்தேன். வாடகைக் காடி ஓட்டிக்கொண்டிருந்தவரைக் கட்டிக்கொண்டேன். காரை நாங்கள் காடி என்றுதான் சொல்வோம். அவர் ஆட்கள் வேறு, எங்கள் ஆட்கள் வேறு. அப்பா அடிக்கவில்லை, கத்தவில்லை. வாசலில் நின்ற காடியைப் பார்த்தார்.

"காடி ஓட்டுறவனாம். அந்தக் காடியையாவது தொடைச்சு வச்சிருக்கானா? அடுப்பு மேல கெடந்த தகரம் மாதிரி இருக்கு."

அதுதான் அவர் என்னிடம் சொன்ன கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு என்னிடம் அவர் பேசவில்லை. நாங்கள் குடியிருந்ததும் அதே காஜா பெராங்தான், இரண்டு சந்து தள்ளி. காலையில் சைக்கிள் மணி கேட்கும். எங்கள் வீடு வரும்போது மணி நின்றுவிடும். தாண்டிப் போனதும் மறுபடி அடிக்கும். நான் கதவுக்குப் பின்னால் நின்று அந்த மணி நிற்கிறதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மலாயாவுக்குச் சொதந்திரம் வந்தது. ஊரெல்லாம் கொடி கட்டினார்கள். அதன் பிறகு நம் ஆட்கள் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு, இங்கேயே இருப்பதா, இந்தியாவுக்குப் போவதா என்று. அப்பா போவதென்று சொல்லிவிட்டார். மாடுகளை ஒவ்வொன்றாக விற்றார். கிள்ளான் துறைமுகத்தில் கப்பல். அப்போது எனக்கு வயிற்றில் ஐந்தாவது மாதம்.

எங்கள் பக்கத்து வீட்டில் மலாக்கா செட்டி அம்மா ஒருவர் இருந்தார். கட்டுவது சாரோங், கபாயா. நெற்றியில் திருநீறு. வம்சம் தமிழ், பேச்சு முழுக்க மலாய். அப்பாவிடம் பால் வாங்குகிறவர் என்பதால் அம்மா சொல்லி அனுப்புவதை எனக்குக் கொண்டுவருவார். ஒரு நாள் சிரித்துக்கொண்டே வந்தார்.

"உங்க அப்பா கிழட்டு மாடு. முட்டவும் மாட்டார், நகரவும் மாட்டார்" என்று மலாயில் சொன்னார். "ஆனா இன்னைக்குக் கொஞ்சம் நகர்ந்திருக்கார்."

சங்கதி இதுதான். பெட்டி படுக்கையோடு பஸ் மாறி மாறி கிள்ளான் போக முடியாது, மாப்பிள்ளை காடியில் போகலாம் என்று அம்மா கேட்டிருக்கிறாள். "எது, அந்தத் தகரமா?" என்று மட்டும் கேட்டாராம் அப்பா. வேண்டாம் என்று சொல்லவில்லையாம்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்று முழுக்க அதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டு சமைத்தேன். மலாக்காவிலிருந்து கிள்ளான் அரை நாள் பயணம். ஒரு மனுசன் மகளோடு ஒரே காடியில் அவ்வளவு நேரம் உட்கார்ந்து எப்படிப் பேசாமல் இருப்பார்? தண்ணீராவது கேட்கமாட்டாரா? ஒரு வார்த்தை போதும் எனக்கு. அதைக் கேட்டுவிட்டால் கப்பல் எங்கே வேண்டுமானாலும் போகட்டும்.

என் வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் காடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கறுப்புக் காடி என்று பேர். வெயிலில் கிடந்து சாம்பல் பூத்துப்போயிருந்தது. கையால் தடவினால் உள்ளங்கையில் கறுப்பு மாவு ஒட்டும்.

"மாமா சொன்னதுல தப்பில்ல புள்ள. தகரம்தான் இது. வா, கடைக்குப் போவோம்."

"நான் எதுக்குங்க?"

"பாத்திரம் தேய்க்கத் தெரிஞ்சவ நீதான். எனக்கு ஓட்டத்தான் தெரியும்."

பண்டார் ஹிலிரில் காடிச் சாமான் விற்கிற சீனர் கடை ஒன்று இருந்தது. நான் உள்ளே போகாமல் தூண் ஓரமாக நின்றேன். கடை முதலாளி தவுக்கே கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மூன்று சாமான்களை எடுத்து வைத்தார். ஒரு டப்பாவில் செம்மண் குழம்பு மாதிரி இருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்றது. காடியின் வெளுத்துச் செத்த தோலைச் சுரண்டி எடுக்கிறது அது. இரண்டாவது பாட்டிலில் பால் மாதிரி ஒரு பாலீஷ். அதைப் போட்டுத் துடைத்தால் மினுமினுப்பு வரும், ஆனால் மழை பட்டால் சீக்கிரம் போய்விடும் என்றார். மூன்றாவது தட்டை டப்பா. உள்ளே மஞ்சளாகக் கெட்டி மெழுகு. மண்ணெண்ணெயும் மெழுகுவத்தியும் கலந்த வாசனை.

முதல் டப்பா கட்டாயம் வேண்டும், அதில் பேச்சில்லை. பிரச்சினை மற்ற இரண்டில்தான். இரண்டையும் வாங்கக் கையில் காசு இல்லை.

தவுக்கே எங்கள் முகத்தைப் பார்த்தார். ஒரு பழைய தகர மூடியை எடுத்தார். பாதிக்குப் பாலீஷ் போட்டுத் துடைத்தார், பாதிக்கு மெழுகு. தான் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை அதன் மேல் ஊற்றினார். பாலீஷ் போட்ட பக்கம் தண்ணீர் பரவி நின்றது. மெழுகுப் பக்கம் முத்து முத்தாக உருண்டு, சேப்பங்கிழங்கு இலையில் ஓடுகிற மாதிரி ஓடி, ஒரு சொட்டுக்கூட நிற்காமல் கீழே விழுந்தது.

"ஆத்தாடி" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. தவுக்கேவுக்கு ஒரே சிரிப்பு. "உன் பெண்டாட்டிக்குப் பேச வரும்" என்று இவரிடம் மலாயில் சொன்னார்.

"எது புள்ள, சொல்லு."

மழைக்காலம். கிள்ளான் வரைக்கும் சேறு. போய்ச் சேரும்போதும் காடி அப்பாவின் குடம் மாதிரி இருக்க வேண்டும். நான் மெழுகைக் கைகாட்டினேன். அவரும் அதைத்தான் நினைத்திருந்தார் என்று முகத்திலேயே தெரிந்தது.

வேலை ஒரு நாளில் முடியவில்லை. சவாரி இல்லாத நேரமெல்லாம் அவர் கை மரத்துப்போகும்வரை தேய்த்துக்கொண்டிருந்தார். செம்மண் குழம்பு பட்ட இடத்தில் சாம்பல் போய் உள்ளேயிருந்து கறுப்பு எழுந்து வந்தது. கழுவிக் காயவைத்து, நிழலுக்குத் தள்ளி, மெழுகு போட்டோம். துணிக்கு என் பெட்டியிலிருந்த அம்மாவின் பழைய மெல்லிய பருத்திச் சேலையைக் கிழித்தேன். அந்த வீட்டிலிருந்து நான் கொண்டுவந்தது அது ஒன்றுதான். மெழுகை மெல்லிசாகத்தான் இழுக்க வேண்டும், தோசைக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி. காய்ந்து வெள்ளைப் பூ பூத்ததும் சுத்தமான துணியால் துடைத்தால் கீழே கண்ணாடி. செட்டி அம்மா வந்து காடிக் கதவில் பார்த்துத் தன் கொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"இதுல ஏறலைன்னா உங்க அப்பாவுக்குக் கண்ணுல கோளாறு" என்றார்.

கிளம்பும் காலை இருட்டு விலகும்முன் காடியைக் கொண்டுபோய் அப்பா வீட்டு வாசலில் நிறுத்தினோம். கொட்டகை காலியாகக் கிடந்தது. சாணி வாசனை மட்டும் இருந்தது. வழியில் பசியாற இடியாப்பம் அவித்து அடுக்குச் சட்டியில் எடுத்துப் போயிருந்தேன். அம்மா ஓடி வந்து என் வயிற்றில் கை வைத்தாள். அழுதாள்.

அப்பா வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. காடியைப் பார்த்தார். முன்னால் போய் நின்றார். மட்கார்டு மேல் கட்டை விரலை வைத்து ஒரு இழு இழுத்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. குனிந்து அதில் தன் முகத்தைப் பார்த்தார். குடம் தேய்த்து முடித்ததும் அப்படித்தான் பார்ப்பார். எனக்கு அந்த முகம் தெரியும். அது கோபப்படுகிற முகம் இல்லை.

"ம்" என்றார்.

என் வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக் காடியில் வைத்தார். அப்பா தடுக்கவில்லை. அம்மாவிடம் திரும்பி, "தூரமாப் போற காடி. பொட்டு வைக்காமலா எடுப்பாக? சந்தனத்தக் கொண்டா" என்றார்.

அம்மா கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக் கொண்டுவந்தாள். அப்பா மூன்று விரலால் எடுத்து, மாட்டு நெற்றியில் வைக்கிற மாதிரியே, காடியின் என்ஜின் முன்மூடியில் அழுத்தி வைத்தார். கையை எடுத்ததும் சந்தனம் சுருங்கிக் குமிழாகித் தள்ளாடியது. அப்படியே சரிவில் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. வைத்த இடம் பளிச்சென்று, ஒன்றுமே வைக்காத மாதிரி இருந்தது.

அம்மா மாரில் கை வைத்துக்கொண்டாள். "மாரியாத்தா."

அப்பா இன்னொரு தடவை வைத்தார். அதற்கு மேல் குங்குமத்தையும் வைத்தார். இரண்டும் சேர்ந்து வழுக்கி விளக்குக்குப் பக்கத்தில் வந்து தொங்கி, தரையில் விழுந்தன.

"மாமா" என்றார் என் வீட்டுக்காரர். அன்றுதான் முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டார். "மெழுகு போட்டிருக்கோம் மாமா. தண்ணி நிக்காது. அதான் ஒட்டல. கண்ணாடியில வைங்க, நிக்கும்."

அப்பா அவரைப் பார்க்காமல் அம்மாவிடம் பேசினார். "மாட்டுக்கு வச்சேன், நின்னுச்சு. கொடத்துக்கு வச்சேன், நின்னுச்சு. வாசக்கால்ல வச்சது இன்னும் நிக்குது. கடல் தாண்டிப் போற அன்னைக்கு, இந்தக் காடி மட்டும் சாமி பொட்டத் தள்ளிவிடுது. ஏற வேணாம்னு ஆத்தா சொல்றா. எறக்கு பெட்டிய."

"அப்பா" என்றேன்.

சொன்னேனா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. உதடு அசைந்தது தெரியும். அது வெறும் மெழுகுப்பா, கடையில் தேத்தண்ணி ஊற்றிக் காட்டினார்கள்பா, உங்கள் குடம் மாதிரி இருக்கட்டும் என்றுதான்பா என்று எல்லாம் தொண்டைவரை வந்து நின்றது. அவர் பெட்டியைத் தானே இறக்கினார். பஸ் நிற்கிற இடத்துக்குப் போக ஒரு பெச்சாவைக் கூப்பிட்டு ஏற்றினார்.

பெச்சா மூன்று சக்கர சைக்கிள் வண்டி, மெதுவாகத்தான் போகும். நாங்கள் காடியில் அதன் பின்னாலேயே ஊர்ந்தோம். என் வீட்டுக்காரர் ஹாரனும் அடிக்கவில்லை, முந்திப் போகவும் இல்லை. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. காடி மேல் விழுந்த மழை முத்து முத்தாக ஓடியது. அவ்வளவு அழகாக ஓடியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பஸ் நிற்கிற இடத்தில் இறங்கி நான் மழையில் நின்றேன். அம்மா ஜன்னல் வழியாக அடுக்குச் சட்டியை வாங்கிக்கொண்டாள். "வாயத் தொறந்து ஒரு வார்த்த கேளேன்டி, போறாரே" என்றாள். அப்பா அந்தப் பக்கம் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் உறுமியபோது திரும்பாமலே அம்மாவிடம் சொன்னார்.

"புள்ளத்தாச்சிய மழையில நிக்க வேணாம்னு சொல்லு."

அம்மா அதை எனக்குத் திருப்பிச் சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

அவர்கள் திரும்பி வரவில்லை. நாங்களும் போகவில்லை. அப்பா முதலில், பிறகு அம்மா. ஒவ்வொரு தடவையும் சேதி வந்து சேர்ந்தபோது கருமாதியெல்லாம் முடிந்திருந்தது. என் மூத்தவன் தாத்தா குரலைக் கேட்டதே இல்லை. நான் கடைசியாகக் கேட்டதும் அம்மாவுக்குச் சொன்னதுதான். எனக்குச் சேர வேண்டியது என்று சொல்லிக்கொள்வேன். சில நாள் அது போதும். பல நாள் போதாது.

பஸ் போன அன்று வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் ஒன்றும் சாப்பிடவில்லை. கொஞ்சம் மண்ணெண்ணெயும் சவுக்காரமும் எடுத்துக்கொண்டு போய், காடியின் முன்மூடியில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் மெழுகைத் தேய்த்து எடுத்தார். கண்ணாடியாக இருந்ததில் ஓர் இடம் மங்கிப்போனது. அதற்குப் பிறகு வருஷா வருஷம் மெழுகு போட்டோம். அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் போடுவார்.

மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். "என்னாண்ணே, காடிக்கும் தேமலா?"

"ஆமா" என்பார். அதற்கு மேல் பேசமாட்டார். அவரும் என்னைப் போலத்தான்.

காடியை விற்கிறவரைக்கும் வெள்ளிக்கிழமை தோறும் நான் அந்த இடத்தில் சந்தனம் வைத்தேன். அப்பா வைக்கிற மாதிரியே மூன்று விரலால். ஒரு தடவைகூட வழுக்கவில்லை. வைத்த இடத்திலேயே காய்ந்து, மறுவெள்ளி வரைக்கும் நின்றது.