துணி சுற்றிய பூஜை மணி

இதை எழுதலாமா என்று பல வருடங்கள் தயங்கினேன்.

திண்டிவனம் பைபாஸில் என் கணவர் ஓட்டிய லாரியில் ஒருவர் அடிபட்டு இறந்தார். அதிலிருந்து சின்னச் சத்தத்துக்கும் இவர் நடுங்குவார். விழுப்புரத்தில் எங்கள் வீட்டில் குக்கர் வைப்பதை நிறுத்தினோம். பிள்ளைகள் பள்ளியிலும் கிசுகிசுத்தே பேசினார்கள். பூஜை மணியின் நாக்கில் நானே துணி சுற்றினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டும்போது பின்னால் வந்து நின்றார்.

“ஏம்மே, மணி இன்னாத்துக்கு அடிக்கல? சாமிக்கும் எம்மேல கோவமா? புள்ளைங்களும் பேசாமயே சுத்திக்கினு இருக்குதுங்க.”

“நீங்க பயப்படுவீங்கன்னுதாங்க.”

“பயந்தா பயந்துட்டுப் போறேன். அடி.”

துணியை அவிழ்த்து அடித்தேன். அவர் உடம்பு தூக்கிப்போட்டது. ஆனாலும் கைகூப்பியபடியே நின்றார்.

பிறருக்குச் சொன்னால், மணியோசையில் குணமானார் என்று சேர்த்துவிடாதீர்கள். இன்றும் மாத்திரை சாப்பிடுகிறார். மணி அடிக்கும்போது இன்றும் நடுங்குகிறார். பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். இதை மட்டும் இப்படியே சொல்லுங்கள்.