டீச்சருக்குத் தூக்காத கை

செவ்வாய்க்கிழமை காலை பூ மார்க்கெட்டில் கதம்பம் கட்டிக்கொண்டிருந்தேன். வாழைநார் விற்கிற மாரி வந்து நின்றாள். "ஆச்சி, ஆவுடையம்மா டீச்சர் போயிட்டாவளாம். நெஞ்சு வலியாம்." என் கை நிற்கவில்லை, இன்னும் ஒரு முழம் கட்டியது. "இப்பமாவது போய்ப் பாத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு மாரி போய்விட்டாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். டீச்சரிடம் படித்த நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

இது தொடங்கியபோது என் பேத்தி இசக்கிக்கு மூன்று வயது. தாய் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதால் பிள்ளை என்னிடம் வளர்கிறாள். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஆப்பிள் சொல்லு, டாக் சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாசுதேவநல்லூர் பஸ்ஸுக்கு நின்ற டீச்சர் சிரித்தார். "எக்கா, ஆப்பிளக் கடையில தொங்கத்தான் பாத்திருப்பா. உங்க கூடையில இருக்க பிச்சிப்பூவக் கேளுங்க, அர மணி நேரம் பேசுவா."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். முறுக்குக்காரி, இரண்டு கண்டக்டர்கள், சைக்கிளில் சாய்ந்து நின்ற ஒரு பால்காரர். இன்றும் வரிசையாகச் சொல்வேன். மூன்றாம் வகுப்போடு நின்ற என்னை ஊர் முன்னால் கேலி செய்துவிட்டாள் என்று மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன். அவர் சொன்னது சரிதானா என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

முப்பது வருடம் ஒன்றாம் வகுப்பை மட்டும் கேட்டு வாங்கி எடுத்தவர் அவர். வீட்டில் தெலுங்கு பேசும் இளையரசனேந்தல் பிள்ளைகளிடம் தெலுங்கிலேயே கதை கேட்டு, அதன் பிறகுதான் தமிழ் எழுத்துக்கு வருவாராம். "பிள்ள வாயில என்ன இருக்கோ அத மொதல்ல போர்டுல ஏத்தணும். புத்தகம் எங்கயும் ஓடிறாது" என்று புதிய டீச்சர்களிடம் சொல்வாராம். இதெல்லாம் எனக்கு அன்றே தெரியும்.

இசக்கி ஒன்றாம் வகுப்பு படிக்கையில் என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்த்தார்கள். அதில் கல்வி தெரிந்தவர் ஒருவருக்கென்று ஓர் இடம் உண்டு. ஓய்வு பெற்றிருந்த டீச்சர் பெயரை, குழுவில் இருந்த மாரி சொன்னாள். இன்னொருவர், பள்ளிக்கு நாலு ஃபேன் வாங்கிக் கொடுத்த கடைக்காரர் பெயரைச் சொன்னார். கை தூக்கச் சொன்னார்கள். டீச்சருக்குக் கை எண்ணும்போது மாரி என் விலாவில் இடித்தாள். "ஆச்சி, தூக்குங்க."

"கை நோவுது."

ஃபேன்காரருக்குக் கேட்டபோது என் கை மேலே போயிற்று. "இப்பம் நோவலையோ?" என்றாள் மாரி. பிள்ளைகள் உட்காரும் சின்ன பெஞ்சில் இருந்த டீச்சர் என்னைப் பார்த்தார். ஒரு கை வித்தியாசத்தில் அந்த இடம் போயிற்று.

அடுத்த கூட்டத்தில், தமிழ்வழிப் பிள்ளைகள் குறைவு, ஆங்கிலவழியோடு சேர்த்துவிடலாம் என்றார்கள். ஃபேன்காரர் "நல்ல முடிவு" என்றார். எதிர்த்துக் கேட்க விவரம் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை. வடையைத் தின்றுவிட்டுக் கையெழுத்துப் போட்டோம், நானும்தான்.

எல்லாம் ஆங்கிலத்தில் நடந்த இரண்டாம் வகுப்பில் இசக்கி ஊமையானாள். பூக்கடையில் உட்கார்ந்து அதைச் சொல்லி ஒரு நாள் புலம்பினேன். பூ வாங்க வந்த டீச்சர் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். மறுநாள் மத்தியானம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கை நோவு எப்படி இருக்கு எக்கா?"

"இருக்கு."

"அந்தக் கூட்டத்துல நான் பேச முடியாது, நீங்க பேசலாம். நேத்து நீங்க சொன்னத அப்படியே எழுதியிருக்கேன். ஒரு எழுத்து மாத்தல."

"எனக்கு எங்க வாசிக்க வருது?"

"இது வரும்" என்று ஒரு தாளை நீட்டினார்.

மறுபடியும் எனக்குப் பாடம் நடத்த வந்துவிட்டாள் என்று நினைத்தேன். தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. தாளை ரேஷன் கார்டு உறைக்குள் செருகினேன். அதன் பிறகு இரண்டு கூட்டம் நடந்தது. நான் வாயே திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை டீச்சர் காலடியில் கதம்பத்தை வைத்துவிட்டு வந்துதான் அந்தத் தாளைப் பிரித்தேன். புளியங்கொட்டை அளவுக்கு எழுத்துகள்.

"எம் பேத்தி வீட்டுல ஓயாமப் பேசுதா. கிளாசுல வாயே தொறக்க மாட்டேங்கா. அங்க பேசுதது ஒண்ணும் அவளுக்குப் புரியல. ஒரு வார்த்த எங்ககிட்ட கேட்டுட்டு மாத்துனா என்ன?"

எழுத்துக்கூட்டாமல் கடைசி வரை வாசித்தேன். நான் பேசியது தாளில் இருந்ததால் கண்ணுக்கு முன்னால் வாய் ஓடியது. பிள்ளைகளுக்கு அவர் செய்தது இதைத்தான் என்று அப்போது விளங்கியது. அதைச் சொல்ல அவர்தான் இல்லை.

வருகிற வெள்ளிக்கிழமை பள்ளிக் குழுக் கூட்டம். டீச்சர் தந்ததில் என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் தாள். அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க, நோவே இல்லாத இந்தக் கையும் இருக்கிறது.