யாரும் திறக்காத கிளட்ச் கவர்

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் சேர்ப்பது அவள் வேலை. அதனால் தெருவில் அவளுக்கு ஊசிக்காரி என்றே பெயர். விடியும் முன்பே பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தவள், இப்போது சில மாதங்களாகப் பேருந்தில் தொங்கிக்கொண்டு போகிறாள். நேரத்துக்குப் போய்ச் சேர முடியாமல் பாதி வீடுகள் கைநழுவிப் போய்விட்டன.

எல்லாம் அவளுடைய அண்ணன் புண்ணியம். ஏற்றத்தில் வண்டி உறுமுகிறதே தவிர நகரமாட்டேன் என்கிறது என்று, மெக்கானிக்கான அவனிடம் கொண்டுபோய் விட்டாள். கிளட்ச் பிளேட் புதிதாகப் போட்டாயிற்று என்று திருப்பிக் கொடுத்தான். மறுவாரமே அதே உறுமல். அவள் கிளட்சைப் பாதி அழுத்தியபடியே ஓட்டிப் புதுப் பிளேட்டையும் கருக்கிவிட்டாள் என்று அண்ணன் அவள் கணவனிடம் சொல்ல, கணவன் சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினான். கூடப்பிறந்தவனே சொன்ன பிறகு யார் நம்பமாட்டார்கள்? கொடுமை என்னவென்றால், அவளே நம்பிவிட்டாள். பேருந்துக் கம்பியைப் பிடித்திருக்கும்போதெல்லாம் இடதுகை விரல்களை மடக்கி மடக்கி விரித்து, எங்கே தப்பு செய்தோம் என்று யோசித்துக்கொண்டே போவாள்.

சரி, கருக்கியது நான்தானே, நானே மாற்றுகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தாள். பிளேட்டுகளை வாங்கிவந்து ஆயிலில் ஊறப்போட்டிருந்தாள். இன்ஜின் ஆயிலை வடித்தாள். போல்ட்டுகள் ஒரே நீளமில்லை என்பதால், கழற்றிய வரிசையிலேயே ஓர் அட்டையில் குத்திவைத்தாள். கிளட்ச் கவரைச் சுற்றி வெளியே கறுப்புப் பசை தாராளமாக அப்பியிருந்தது. தட்டிப் பெயர்த்தால் உள்ளே பசையின் சுவடே இல்லை. ஆயில் கசியாமலிருக்கத் தொழிற்சாலையில் நடுவே வைத்த காகித கேஸ்கெட் இரண்டு பக்கமும் இறுகிப்போய், இப்போதுதான் அவள் கையில் முதன்முதலாகக் கிழிந்தது. உள்ளே வண்டியோடு வந்த பழைய பிளேட்டுகள் தேய்ந்து வழவழவென்றிருந்தன. அண்ணன் கவரைத் திறக்கவே இல்லை. திறந்ததாகக் காட்டப் பசையை மட்டும் தீற்றியிருக்கிறான்.

அழுகை வரவில்லை. பழைய பிளேட்டுகளைத் துடைத்து வாசலைப் பார்க்க வரிசையாக வைத்தாள்.

கடைக்குப் போயிருந்த கணவன் திரும்பி வந்தான். திறந்து கிடந்த இன்ஜினைப் பார்த்தான், பழைய பிளேட்டுகளைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் அவளுக்கு உறுத்தியது.

"அண்ணன் இதத் தொறக்கவே இல்ல. உங்களுக்குத் தெரியுமா?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான்தான் போட வேணாம்னேன். இருட்டோட கெளம்பி எங்கெங்கயோ போற. நேரா சொன்னா கேப்பியா? உங்கண்ணனும் அதான் சரின்னான்."

இரண்டு பேரும் சேர்ந்து பேசிவைத்து, பழியைத் தூக்கி அவள் விரல்களின் மேல் போட்டிருக்கிறார்கள். அவளும் மாதக்கணக்கில் அந்த விரல்களைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பழைய காகிதத்தை ஒரு துணுக்கு விடாமல் சுரண்டினாள். புதுப் பிளேட்டுகளை அடுக்கினாள். ஊசியில்லாத சிரிஞ்சில் பசையை நிரப்பி, கவரின் விளிம்பில் நூல்போல ஒரே சீராக இழுத்தாள். போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினாள். பசை காயணும், நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று அவன் இழுத்தான்.

"அது காயட்டும். சாவிய இப்பக் குடுங்க."

மறுநாள் காலை புது ஆயில் ஊற்றிக் கிளப்பியதும் வண்டி ஏற்றத்தில் சொன்னபடி கேட்டது. மேட்டின் உச்சியில் கடையைத் திறந்துகொண்டிருந்த அண்ணன், வழக்கம்போல நிற்கச் சொல்லிக் கையைத் தூக்கினான். நிற்க வேண்டுமென்றால் கிளட்சைப் பிடிக்க வேண்டும். அவள் பிடிக்கவில்லை.