கற்பூரம் அடித்துக் கலைத்த பேரூராட்சி

கோயிலுக்காக ஊர் தேடிப் போகிறவர்கள் உண்டு, அருவிக்காகப் போகிறவர்கள் உண்டு. நான் போனது ஒரு வளைவுக்காக. சாலையின் குறுக்கே ஊர்ப் பெயர் எழுதிக் கட்டுவார்களே, அந்த வளைவு. மனைவியின் ஊர் நாமகிரிப்பேட்டை. ஒருமுறை அங்கே சுற்றுவழியில் போன பேருந்தின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ‘கரட்டூர் பேரூராட்சி தங்களை அன்புடன் வரவேற்கிறது’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வீட்டுக்குப் போய் மச்சினனிடம் கேட்டால், “அதெல்லாம் இப்ப இல்லீங்க மச்சான். வந்துச்சு, போயிருச்சு” என்றான், மழையைப் பற்றிச் சொல்வதுபோல.

ஒரு பேரூராட்சி எப்படி வந்துவிட்டுப் போகும்? சென்னை திரும்பிய பிறகும் இது மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. போன குடியரசு தினத்துக்கு விடுமுறையும் கிடைத்தது, கிராம சபை கூடும் நாள் என்பதும் நினைவுக்கு வந்தது. கிளம்பிவிட்டேன். ஊர்களின் பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். எழுதிவிட்டு நான் சென்னைக்கு வந்துவிடுவேன், அவர்கள் அங்கேயே இருக்க வேண்டும்.

இரவு ரயிலில் சேலம். அங்கே புதிய பேருந்து நிலையத்திலிருந்து ராசிபுரத்துக்கு அடிக்கடி பஸ் உண்டு, ஒரு மணி நேரத்துக்குள் இறக்கிவிடுவார்கள். இடது பக்கம் உட்காருங்கள், போதமலை தெரியும். ராசிபுரத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு நாமகிரிப்பேட்டைக்கு டவுன் பஸ் பிடித்தேன். அது பத்து கிலோமீட்டர் இருக்கும். அங்கிருந்து கரட்டூருக்குப் பஸ் எப்போதாவதுதான். ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய் கேட்டார்கள், போய்த் திரும்ப முந்நூறுக்கு ஒப்புக்கொண்டார் தங்கராசு என்கிற ஓட்டுநர். கரட்டூர்க்காரரே அவர். நான் எதைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று சொன்னதும் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“ஏனுங்க, அந்த ஆர்ச்சைப் பாக்கவா மெட்ராஸ்ல இருந்து வாரீங்க? எங்கூருப் பசங்களே அண்ணாந்து பாக்க மாட்டாங்க.”

சாலையின் இரண்டு பக்கமும் மரவள்ளி. நடுநடுவே மஞ்சள் வெட்டு நடந்துகொண்டிருந்தது. ஜவ்வரிசி ஆலைகளின் பக்கம் வரும்போது புளித்த மாவு வாடை மூக்கில் ஏறியது. ஊருக்குள் போவதற்குள் தங்கராசு முழுக் கதையையும் சொல்லிவிட்டார். சுருக்கித் தருகிறேன்.

ஒரு ஓடை. இந்தப் பக்கம் கரட்டூர், அந்தப் பக்கம் ஓடையூர். இரண்டும் தனித்தனி ஊராட்சிகளாக இருந்தவை. சில வருடங்களுக்கு முன்னால் இரண்டையும் சேர்த்துப் பேரூராட்சி ஆக்கினார்கள். பெயர் கரட்டூருக்குப் போனதில் ஓடையூருக்குக் கொஞ்சம் வருத்தம், அவ்வளவுதான். வளைவு வந்தது, தார்ச்சாலை வந்தது, தெருவிளக்கு வந்தது. கரட்டூர் மேட்டில் நல்ல தண்ணீர் போர் போட்டுத் தொட்டி கட்டி, ஓடைப் பாலத்தடியில் குழாய் கொண்டுபோய் ஓடையூர்க் காலனி வரைக்கும் வீட்டு வாசலில் குழாய் வைத்தார்கள். அந்தக் காலனியில் இருப்பவர்கள் கூலி வேலை செய்கிறவர்கள். ஆலைக் கழிவு இறங்கி அவர்கள் பக்கத்து நிலத்தடி நீர் கெட்டுப் போய் நாளாகிறது.

ஆனால் நூறு நாள் வேலை கிராம ஊராட்சிக்கு மட்டும்தான். பேரூராட்சி என்றானதும் காலனிக்கு அது நின்றது. வசதியுள்ளவர்களுக்கு வேறு கவலை. சொத்து வரி கூடும், கொட்டகை போடவும் அனுமதி வாங்க வேண்டும். இப்படி, தங்கள் வாழ்நாளில் ஒருபோதும் ஒரே வரிசையில் நிற்காத இரண்டு கூட்டம் ஒரே வரிசையில் நின்று பாலத்தில் மறியல் செய்தது. இரண்டு வருடம் முடிவதற்குள் அரசு பேரூராட்சியை ரத்து செய்தது. வளைவை மட்டும் இடிக்க மறந்துவிட்டார்கள்.

வளைவின் அடியில் இறங்கிப் படம் எடுத்தேன். தூணுக்குப் பக்கத்தில் ஒரு பெண் ஆட்டோவை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். நாற்பத்தைந்து வயது இருக்கும், சலவை செய்த சேலை. கையில் ஒரு பழைய குளிர்பான பாட்டில், உள்ளே டீ நிறத்தில் ஏதோ.

“சரசக்கா, சபைக்குங்களா? ஏறுங்க. சார் ஒண்ணும் சொல்ல மாட்டாரு” என்றார் தங்கராசு. பிறகு என்னிடம், “அன்னிக்கி மறியலுக்கு மொதல் ஆளு இவங்கதானுங்க” என்றார்.

அவர் ஓடையூர்க் காலனிக்காரர், கரட்டூரில் ஒரு வேலையை முடித்துவிட்டுத் திரும்புகிறார். பாட்டிலில் இருப்பது காலனி போர்த் தண்ணீர். மூடியைத் திறந்து காட்டினார். ஆலை வாசலில் அடித்த அதே வாடை.

“அப்ப அந்தக் குழாய்?” என்றேன்.

“அறுத்துட்டாங்க சாமி. பேரூராட்சி போன மறு வாரமே பாலத்தடியில அறுத்து மூடி போட்டுட்டாங்க.”

“கரட்டூர்க்காரங்களா?”

“நாங்க இல்லீங்க, அவிய ஊருக்காரங்களேதான்” என்று தங்கராசு முந்திக்கொண்டார். “எங்காளுங்க தண்ணி தாரோம்னுதான் சொல்றாங்க. ஆனா அவிய ஊரு சபையில கேட்டுத் தீர்மானம் போடோணுமில்ல? போட மாட்டேங்கறாங்க.”

ஏன் போடவில்லை என்று சரசு சொன்னார். கேட்டபோது எனக்கு நம்ப முடியவில்லை. மறியலின்போது பாலத்தை ஒட்டியுள்ள மாரியம்மன் கோயில் முன்னால் எல்லோரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார்கள். எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சொன்னால் அது மாற்ற முடியாத வாக்கு. அன்றைக்குச் சொன்ன வாக்கு, ‘பேரூராட்சி குடுத்தது எதுவும் எங்களுக்கு வேண்டாம்’. முதலில் அடித்த கை சரசுவின் கை. அடுத்து அடித்தவர் ஓடையூரின் இப்போதைய தலைவர். ஐம்பது ஏக்கர்க்காரர்.

“அடிக்கறப்ப குழாயி ஞாபகம் வரலீங்களா?” என்று கேட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“வேலை போன வயித்தெரிச்சல்ல இருந்தோம் சாமி. தண்ணி வந்துட்டுத்தான இருந்துச்சு, அது எங்க போயிரப் போவுதுன்னு நெனச்சோம்.”

ஓடையூர் கிராம சபை பள்ளிக்கூட மைதானத்தில் புங்க மரத்தடியில் நடந்தது. கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள், தரையில் ஜமுக்காளத்தில் காலனிப் பெண்கள். செயலர் வரவு செலவு வாசித்தார். யாரும் கேட்கவில்லை. தெருவிளக்கு பல்பு மாற்ற ஒரு தீர்மானம், உடனே நிறைவேறியது. பிறகு சரசு எழுந்து போய் அந்தப் பாட்டிலைத் தலைவர் மேசையில் வைத்தார்.

“இதைத்தானுங்க எங்க புள்ளைங்க குடிக்குது. குழாயைச் சேத்து வுடச் சொல்லி ஒரு தீர்மானம் போடுங்க. கரட்டூர்ல தாரோம்கறாங்க.”

தலைவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சிரித்துக்கொண்டே பாட்டிலை ஓரமாக நகர்த்தினார்.

“ஏம் புள்ள சரசு, நானா வேண்டாங்கறேன்? ஆத்தா முன்னால மொதல்ல அடிச்சது உங்கையி. அது பேரூராட்சித் தண்ணி. சாமி குத்தம் ஆனா ஊரே தாங்கோணும். நாளைக்கு ஒரு புள்ளைக்கு அம்மை போட்டா நீ பதில் சொல்லுவியா?”

நாற்காலிகளில் தலைகள் ஆடின. ஜமுக்காளத்திலும் இரண்டு மூன்று தலைகள் ஆடியதைப் பார்த்தேன்.

“அப்ப உங்க காட்டுக்குப் போற தார் ரோடு?” என்றார் சரசு. “அதும் பேரூராட்சி போட்டதுதானுங்க. அதைப் பேத்துரலாங்களா? இப்ப பல்பு போடறீங்களே, அந்தக் கம்பம்? அதுக்கெல்லாம் கற்பூரம் அடிக்கலீங்களா நாம?”

செயலர் பேனாவை மூடினார், திறந்தார். தலைவர் மட்டும் சிரிப்பை மாற்றவில்லை.

“ரோட்டுல எல்லாருந்தான் போறாங்க. சரி, பூசாரியக் கேளு. சத்தியத்தை அவுக்கலாம்னு அவரு சொன்னா அடுத்த சபையில வெச்சுக்கலாம்.”

தீர்மானம் எழுதப்படவில்லை. கோரிக்கை வந்ததாகக்கூட எழுதப்படவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு கலைந்தார்கள். சரசு மேசையிலிருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டார்.

பூசாரியைக் கேட்கச் சரசுவும் ஆட்டோவில் ஏறினார், திரும்பும் வழியில்தான் மிச்சத்தையும் சொன்னார். தலைவரின் காட்டில் நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிறது. மரவள்ளி பிடுங்கவும் மஞ்சள் வெட்டவும் போகிறவர்கள் சாயங்காலம் ஆளுக்கு இரண்டு குடம் நிரப்பிக்கொள்ளலாம். போகாதவர்கள் நிரப்ப முடியாது. நூறு நாள் வேலை மறுபடி வந்ததும் காட்டு வேலைக்கு ஆள் கிடைக்காது என்று நிலக்காரர்கள் பயந்தார்களாம். பயப்படத் தேவையில்லாமல் போய்விட்டது.

“நூறு நாள் வேலையப் போராடி வாங்குனோம். தண்ணிக்காவ அதையும் உட்டுட்டு அவுரு காட்டுக்கே போறோம், அவுரு குடுக்கற கூலிக்கு. நாந்தான் போய் மொதல்ல அடிச்சேன். காலனியில இன்னிக்கும் என்னையத்தான் பேசறாங்க.”

எனக்கு எரிந்தது. நான் என்னவோ வரைபடத்தில் மறைந்துபோன ஒரு பெயரைத் துப்பறிய வந்தவன்போலத் தொப்பியும் கேமராவுமாக உட்கார்ந்திருந்தேன். தங்கராசு கண்ணாடி வழியாகப் பார்த்து, “நானும் அடிச்சவந்தானுங்க. அவுக்கறதுன்னா வாரேன். மத்தவிங்களும் வந்தா” என்றார். இதில் ‘மத்தவிங்களும் வந்தா’ என்பதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள் என்று சரசு முணுமுணுத்தார்.

மாரியம்மன் கோயில் பாலத்துக்கு இந்தப் புறம், கரட்டூர் எல்லையில் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் பொது என்கிறார்கள். பூசாரி சுற்றுச்சுவருக்குள் குழாயில் ரப்பர் டியூப் மாட்டித் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாய் மேடையில் ‘பேரூராட்சி பொது நிதி’ என்று செதுக்கியிருந்தது. ஆக, குழாய் கோயில் வரைக்கும் வருகிறது. கோயிலைத் தாண்டியதும் அறுத்திருக்கிறார்கள்.

நான் உள்ளே போனேன். சரசு வாசல்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு நான் வெளிநாட்டுக்காரன் இல்லை.

சத்தியத்தை அவிழ்க்க முடியுமா என்று அவர் அங்கிருந்தே கேட்டார். முடியும் என்றார் பூசாரி. அடித்த கைகள் எல்லாம் ஒன்றாக வர வேண்டும், ஆத்தாளைத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, மறுபடி கற்பூரம் ஏற்றித் தொட்டுக் கும்பிட வேண்டும்.

“ஆத்தா மட்டும் பேரூராட்சித் தண்ணியில குளிக்கறாங்களே, அது குத்தம் இல்லீங்களா?”

“ஆத்தா எங்க கற்பூரம் அடிச்சா? அடிச்சது நீங்கதான” என்றார் பூசாரி.

“சரிங்க. எல்லாத்தையும் கூட்டியாரேன். அன்னிக்கி மாதிரி தட்டை இங்க வெளிய கொண்டாருவீங்களா?”

பூசாரி டியூப்பை மடக்கித் தண்ணீரை நிறுத்தினார். முதல் முறையாக அவர் முகத்தில் சங்கடம் தெரிந்தது.

“அதெப்படிம்மா? தட்டெல்லாம் வெளிய வராது. அன்னிக்கி அவசரம்.”

சரசு கையிலிருந்த பாட்டிலைத் திறந்து, அந்த டீ நிறத் தண்ணீரை வாசல்படியில் முழுவதுமாக ஊற்றினார். “இது எங்க ஊட்டுத் தண்ணி. ஒருக்கா இதுலயும் குளிக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் பாலத்தின் மேல் நடந்து போய்விட்டார். பூசாரி உடனே டியூப்பைக் கொண்டுவந்து படியைக் கழுவினார். இரண்டு தடவை கழுவினார்.

ஒரு பேரூராட்சி ஏன் இவ்வளவு சீக்கிரம் செத்தது என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன். அது சாகவே இல்லை. சாலையாக, விளக்காக, கோயில் குழாயாக ஓடையின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் வேண்டியவர்களுக்கு அது இன்னும் உயிரோடு இருக்கிறது. காலனிக்கு மட்டும்தான் அது ரத்தானது. சரசு அடுத்த சபைக்கும் பாட்டிலோடு போவார் என்று தங்கராசு சொல்கிறார். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை, அதை மறைக்கவும் விரும்பவில்லை.

போக நினைக்கிறவர்களுக்கு: ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம், வெயில் குறைவு. வளைவைக் காலை வெளிச்சத்தில் படம் எடுங்கள், எழுத்து நன்றாகத் தெரியும். சாப்பாட்டை ராசிபுரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள், கரட்டூரில் டீக்கடை மட்டும்தான். ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லுங்கள், திரும்ப வண்டி கிடைக்காது. தண்ணீர் பாட்டில் சுமக்க வேண்டாம். கோயில் குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது. நான் வயிறு முட்டக் குடித்தேன். எந்த ஊர் என்று கேட்டார் பூசாரி, சென்னை என்றேன். “குடிங்க, குடிங்க” என்றார்.