நானும் மாமாவும் கைவிடப்பட்ட பின்னேரம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு சனிக்கிழமை பின்னேரம் என் இரட்சிப்பு போய்விட்டது. திரும்பக் கிடைக்க ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் ஆனது. அந்த இடைவெளியில் உலகத்தில் நானும் என் மாமாவும் மட்டுமே மிச்சமிருந்தோம்.

தன்னாமுனைக்கு அப்பால் வாவிக்கரையை ஒட்டி எங்கள் வீடு. அப்பா கத்தாரில் கட்டட வேலை. அம்மா வீட்டிலிருந்து சட்டை தைத்துக்கொடுப்பார். எங்கள் சபை தகரக் கூரை போட்ட ஒரு சின்ன மண்டபம். பாஸ்டரின் மனைவிதான் ஞாயிறு பள்ளி ரீச்சர். அவர் மிக விரும்பிப் படிப்பித்த பாடம் இரகசிய வருகை. ஒரு நாள் கர்த்தர் சொல்லாமல் கொள்ளாமல் வருவார், ஜீவபுத்தகத்தில் பெயர் உள்ளவர்களை இருந்த இடத்திலிருந்தே மேலே எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார்கள்.

அதற்கு முந்திய ஞாயிறு யோனாவின் கதை. யோனா மூன்று நாள் மீனின் வயிற்றில் இருந்தான் என்றார் ரீச்சர். எனக்கு மீனின் வயிறு நன்றாகத் தெரியும். அம்மா மீன் வெட்டும்போதெல்லாம் பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பவள் நான். உள்ளே மூச்சுவிட இடமே கிடையாது. எழும்பி அதைக் கேட்டேன். ரீச்சர் கோபிக்கவில்லை. கரும்பலகையில் எங்கள் ஏழு பேரின் பெயரையும் எழுதினார். பெயர் அழிய ஒரு சந்தேகம் போதும் என்று சொல்லி, என்னுடையதை மட்டும் டஸ்டரால் துடைத்தார். முழுதாக அழியவில்லை, கடைசி எழுத்தின் வால் ஒன்று மிச்சமிருந்தது. கிழமை முழுவதும் அந்த வாலை நம்பித்தான் இருந்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை டின்பாலில் இரண்டு கரண்டி களவெடுத்தேன். அத்தோடு வாலும் போயிருக்கும்.

அடுத்த நாள் ரியூசன் முடிந்து வீட்டுக்கு வந்தால், வீடு திறந்து கிடந்தது. அம்மாவின் செருப்பு வாசலில் இருந்தது. தையல் மெசினில் ஒரு சட்டையின் கை பாதி தைத்தபடி ஊசியில் மாட்டியிருந்தது. அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அம்மாவையும் காணவில்லை, இரண்டு வயதுத் தம்பியையும் காணவில்லை. நான் கூப்பிட்டேன். கோழி மட்டும் திரும்பிப் பார்த்தது.

பக்கத்து வீட்டு அன்ரியிடம் ஓடினேன். அவரும் இல்லை. இது எனக்கு விளங்கவேயில்லை. அன்ரி நெற்றி நிறையத் திருநீறு பூசி, வருடம் தவறாமல் சித்தாண்டி முருகனுக்குப் பால்குடம் எடுப்பவர். கடைசி நிமிடத்தில் மனந்திரும்பியிருப்பார் என்று முடிவுகட்டினேன். பிறந்ததிலிருந்து சபைக்குப் போய்வரும் என்னை விட்டுவிட்டு, ஒரே நிமிடத்தில் மனந்திரும்பிய அன்ரியை எடுத்துக்கொண்டது பெரிய அவமானமாக இருந்தது.

மேசையில் அம்மாவின் போன் கிடந்தது. அப்பாவுக்கு வட்ஸ்அப்பில் கோல் எடுத்தேன். அடித்து அடித்து நின்றது. அப்பா வேலையில் இருந்திருப்பார் என்று இன்று சொல்லலாம். அன்று நான் கண்டது, மஞ்சள் ஹெல்மெட்டோடு அப்பா கத்தாருக்கு மேலே போய்க்கொண்டிருந்ததைத்தான்.

அப்போதுதான் மாமாவின் நினைவு வந்தது. அம்மாவின் தம்பி. ஒரு காலத்தில் சபையில் கீபோட் வாசித்தவர். பிறகு குடியில் விழுந்து சபைக்கு வருவதை நிறுத்திவிட்டார். பின்வாங்கிப்போனவர்கள் என்று பிரசங்கத்தில் ஒரு வார்த்தை வந்தால் எல்லோரும் மாமாவைத்தான் நினைப்பார்கள். யார் போனாலும் மாமா போயிருக்கமாட்டார் என்பது எனக்கு நிச்சயம். அந்த நிச்சயம் பெரிய ஆறுதலாகவும் இருந்தது.

மாமா தன் குடிலில் பாயில் கிடந்து நித்திரை. உலுப்பி எழுப்பினேன்.

"மாமா, கர்த்தர் வந்து போயித்தார். எல்லாரையும் கொண்டு போயித்தார். நாம ரெண்டு பேருந்தான் மிச்சம்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். எழும்பி உட்கார்ந்து, வெளியே வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அக்காவும் போயித்தாவா?"

"ஓம்."

"அப்ப நல்லம்," என்று தலையை ஆட்டினார். பிறகுதான் என்னைக் கண்டவர்போலக் கேட்டார். "நீ ஏன் புள்ள நிக்காய்?"

மீனைப் பற்றியும் கரும்பலகையைப் பற்றியும் சொன்னேன். டின்பாலையும் மறைக்கவில்லை, இனி மறைத்து என்ன பயன்? மாமா எழும்பிச் சட்டையைப் போட்டார். பொத்தான்கள் ஒன்று மாறி ஒன்று பூட்டப்பட்டன.

"என்ன விட்டது சரி. உன்ன விட்டது பிழை. வா, பாஸ்டருட்டக் கேப்பம்."

பாஸ்டரும் போயிருப்பாரே என்றேன். அவரைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல ஏலாது என்றார் மாமா. என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நடை கொஞ்சம் கோணல், ஆனால் வேகம். இடைக்கிடை வானத்தையும் முறைத்துப் பார்த்தார்.

பாஸ்டர் வீட்டை அடைய முன்னமே வாவிப்பக்கம் கூச்சல் கேட்டது. கண்டல் பற்றையைத் தாண்டிப் பார்த்தால், எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் எல்லோரும் முழங்கால் வரை சேற்றோடு நின்றார்கள். தம்பியை இடுப்பில் வைத்தபடி அம்மா. அன்ரி, ரீச்சர், முழு ஊர். நடுவில், நெஞ்சளவு சேற்றில், பாஸ்டர்.

நடந்தது இதுதான். வழமையாக ஞானஸ்நானம் கொடுக்கும் துறையை ஆற்றுவாழைச் செடி படர்ந்து மூடிவிட்டதால், வேறு இடம் பார்க்கப் பாஸ்டர் தனியே இறங்கியிருக்கிறார். கால் புதைந்துவிட்டது. போன கிழமை அந்தப் பக்கம் முதலை கண்டதாக யாரோ கத்த, ஊரே போட்டது போட்டபடி ஓடிவந்திருக்கிறது.

கயிறு கட்டியிருந்தார்கள். நின்றவர்கள் பெரும்பாலும் பெண்களும் கிழவர்களும்தான், இழுக்கப் பலமான கை ஒன்று குறைவு. மாமாவைக் கண்டதும் பாஸ்டரின் முகம் மலர்ந்தது. மாமா சபையை விட்ட பிறகு அவரைக் கண்டு பாஸ்டருக்கு மகிழ்ச்சி வந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும்.

மாமா கரையில், பூவரச மரத்தடியில் நின்று கயிற்றின் நுனியை எடுத்தார். இழுக்கவில்லை.

"பாஸ்டர், இந்தப் புள்ள மீனப் பத்திக் கேட்டதுக்கு இவட பேர அழிச்சாச்சா, இல்லயா?"

"முதல்ல கயித்த இழுங்க தம்பி."

"சொல்லுங்க, இழுக்கன்."

பாஸ்டர் தன் மனைவியைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். எந்த வேதப்பள்ளியிலும் யாரும் இவ்வளவு விரைவாக ஒரு முடிவுக்கு வந்திருக்கமாட்டார்கள்.

"இல்ல. அழிக்கல்ல. இரிக்கி."

"டின்பால் எடுத்ததுக்கும்?"

"அதுக்கும் இல்ல."

அம்மா திரும்பி என்னைப் பார்த்த பார்வையில், டின்பால் விசயம் பரலோகத்தில் முடிந்தாலும் வீட்டில் முடியவில்லை என்று தெரிந்தது. மாமா மரத்தில் காலை உதைத்து இழுத்தார். பாஸ்டர் ஒரு பெரிய சத்தத்தோடு கழன்று வந்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரம் மட்டும் சேற்றிலேயே நின்றுவிட்டது. பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள். அன்ரி தன் தோளில் கிடந்த துவாயை எறிந்தார்.

பாஸ்டர் துவாயோடு புல்லில் குந்தியிருந்து இருமினார். சனம் கலைய, மாமா அவருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். நான் மாமாவின் கையில் தொங்கிக்கொண்டிருந்ததால் எனக்குக் கேட்டது.

"அப்ப என்ட பேரு?"

பாஸ்டருக்கு இருமல் நிற்கவில்லை. பின்னால் வந்துகொண்டிருந்த அம்மாதான் பதில் சொன்னார்.

"தம்பி, அழிக்கிற கதையெல்லாம் எனக்குத் தெரியா. நான் ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி உன்ட பேரத்தான் முதல்ல சொல்றன். கர்த்தர் அழிச்சாலும் அடுத்த நாள் மறுகா எழுதத்தான் வேணும்."

சொல்லிவிட்டு, அடுப்பில் சோறு என்று கத்திக்கொண்டு வீட்டுப் பக்கம் ஓடினார். மாமா மரத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். என்ன மாமா என்று கேட்டேன். கண்ணுக்குள் சேறு பட்டுவிட்டது, தண்ணீர் கொண்டுவா என்றார். நான் பாஸ்டர் வீட்டுக் கிணற்றடிக்கு ஓடி, ஒரு கோப்பை தண்ணீர் சிந்தச் சிந்தக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் வெகுநேரம் முகத்தைக் கழுவினார். போதாதென்று இன்னொரு கோப்பை கேட்டார், அதையும் கொண்டுவந்தேன். இவ்வளவு கழுவியும் கண் இப்படிச் சிவந்திருக்கிறதே, பொல்லாத சேறு என்று நினைத்துக்கொண்டேன். மாமா கரையைவிட்டு இறங்கவேயில்லை என்பதும், அவர் சட்டையில் ஒரு பொட்டுச் சேறுகூட இருக்கவில்லை என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை.