ரப்பர் ஆசிட்டும் மெக்னீசியச் சக்கரமும்

சக்கரத்தில் நுரை பொங்கியதும் தண்ணீர் வாளியைத் தேடி ஓடினேன். எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில் புக்கிட் செலம்பாவ் ரப்பர் எஸ்டேட் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த நான், சுங்கைப்பட்டாணி பட்டறை ஒன்றில் சேர்ந்து அன்று நாலாவது நாள். மூன்று மாதம் தாக்குப்பிடித்தால்தான் நிரந்தரம். இல்லாவிட்டால் பழையபடி எஸ்டேட் லயத்து வீடுதான். திரும்பிப் போவதில்லை என்று முடிவெடுத்துத்தான் பஸ் ஏறியிருந்தேன்.

பட்டறையில் நின்றது, விமானந்தாங்கிப் போர்க்கப்பலிலிருந்து பறந்து ஓய்வு பெற்ற சண்டை விமானம். மியூசியத்தில் நிறுத்த அதைச் சுத்தம் செய்து பெயிண்ட் அடிக்க வேண்டும். கப்பலில் இறங்கும்போது கம்பியைப் பிடிக்கும் வால் கொக்கியை வாயைப் பிளந்து பார்த்தேன். எனக்குக் கொடுத்தது சக்கரம் தேய்க்கும் வேலை.

எஸ்டேட்டில் துருவுக்கு ஒரே மருந்துதான். ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து தடவுவோம், ரப்பர் ஷீட் அழுத்தும் ரோலர் பளபளக்கும். அந்த மேதாவித்தனத்தை இங்கேயும் காட்டினேன். சக்கரமோ இரும்பில்லை, ஆசிட் பட்டால் கரையும் மெக்னீசியம். தண்ணீர் ஊற்றிக் கழுவுவதற்குள் அம்மைத் தழும்பு முகம் மாதிரி ஆகிவிட்டது.

மேஸ்திரி அந்தோணி அண்ணன் நல்லவர்தான். ஆனால் கான்ட்ராக்ட் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தார்.

"தம்பி, பள்ளத்தையெல்லாம் புட்டி வச்சு அடைச்சு பெயிண்ட் அடிச்சிரு லா. மியூசியத்துல நிக்கிற பிளேன் எங்க பறக்கப் போவுது?"

"பறக்காதுண்ணே. ஆனா அதுக்குக் கீழ புள்ளைங்க வந்து நிக்கும்," என்றேன். விமானத்தின் எடை ஏறும் சக்கரம், அரித்த இடத்தில் விரிந்துவிட்டால்?

மறுநாள் மியூசியத்து மலாய்க்கார இன்ஜினியர் சக்கரத்தைத் தடவிப் பார்த்து, யார் வேலை இது என்று மலாயில் கேட்டார். அந்தோணி அண்ணன் தரையைப் பார்த்தார்.

"சாயா, துவான்," என்றேன். நான்தான் ஐயா என்று மலாயில் சொல்லி ஓரடி முன்னால் வந்தேன்.

ஆசிட் கதையையும் மறைக்கவில்லை. கையோடு, விமானத்தின் அடியில் ஜாக் வைத்துத் தூக்கும் மூன்று இடங்களிலும் இரும்பு ஸ்டாண்ட் கொடுத்து எடையைத் தாங்கவிடலாம், சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றால் போதும் என்று சிமென்ட் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினேன். அவர் திட்டவில்லை. செய் என்றார். இரண்டு வாரம் ஞாயிறு பாராமல் வெல்டிங் அடித்தேன்.

விமானத்தை ஸ்டாண்டில் இறக்கியதும் அவர் அந்தச் சக்கரத்தைக் கையால் தள்ளினார். லேசாகச் சுழன்றது. அந்தோணி அண்ணனிடம் திரும்பி, மற்றச் சக்கரங்களையும் இவனே செய்யட்டும், இனி கேட்காமல் கை வைக்கமாட்டான் என்றார்.

இளைய ஃபிட்டர்களுக்குச் சொல்வது இதுதான்: தொடும் முன் என்ன உலோகம் என்று கேளுங்கள். நான் புதுசு என்று காட்டிக்கொள்ள வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டேன். முப்பது வருடம் அதே பட்டறையில் இருந்தேன், கேட்காத நாளில்லை.